சினை நிற்காத பெண் குதிரை: பெங்களூரு குதிரை வளர்ப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்விகள்

எலஹங்கா, தேவனஹள்ளி, சர்ஜாப்பூர், கனகபுரா சாலை, ஓசூர் எல்லை என்று பெங்களூரைச் சுற்றி ஓரிரண்டு குதிரை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களும் சவாரிப் பள்ளிகளும் ஏராளம். நல்ல ரத்தம் உள்ள பெண் குதிரை மூன்று நான்கு பருவம் சேர்த்தும் சினை பிடிக்காதபோது எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. மருந்து அளவுகள் 400 முதல் 500 கிலோ எடையுள்ள குதிரையை மனதில் வைத்துச் சொன்னவை. உங்கள் டாக்டரிடம் விவரமாகப் பேசுவதற்காகவே அவற்றைக் கொடுத்திருக்கிறோம். ஊசியை நீங்களே எடுத்துப் போடுவதற்கு அல்ல.

சினை நிற்கவில்லை என்றதும் நேராகக் கருமாற்றம் செய்துவிடலாமா?

கூடாது. முதலில் பழுது எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். முட்டையில் கோளாறா, கருக்குழாயில் அடைப்பா, கருப்பையில் அழற்சியா, பின்புறத்தின் அமைப்பு சரியில்லையா, அல்லது குதிரை நன்றாக இருந்தும் நாள் தவறிச் சேர்த்தோமா? ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. கருப்பை மட்டும் கெட்டிருந்தால் கருவை எடுத்து வேறு குதிரையின் வயிற்றில் வைக்கும் கருமாற்றம் பலன் தரும். முட்டையே முதுமையால் தளர்ந்திருந்தால் கருமாற்றத்தால் பெரிய லாபம் இல்லை, ஏனென்றால் அந்தத் தளர்ந்த முட்டைதான் அங்கும் போகப்போகிறது. கருக்குழாய் அடைத்திருந்தால் கருப்பையைக் கழுவிப் பார்த்தாலும் கரு கிடைக்காது.

ஆண் குதிரையையும் மறக்காதீர்கள். அதே பருவத்தில் அதோடு சேர்ந்த மற்றப் பெண் குதிரைகள் சினையானதா என்று கேட்பதற்குச் செலவே இல்லை. அந்த ஒரு கேள்வி பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

என் குதிரை தரோபிரெட் என்ற பந்தய இனம். சினை ஊசி போடலாமா?

குட்டியைத் தரோபிரெட்டாகப் பதிவு செய்து பந்தயத்தில் ஓட்ட நினைத்தால் முடியாது. இந்தியாவில் மட்டுமல்ல, உலகம் முழுக்கத் தரோபிரெட் வம்சப் பதிவேடு இயற்கைச் சேர்க்கையில் பிறந்த குட்டியை மட்டுமே ஏற்கும். செயற்கைக் கருவூட்டல், கருமாற்றம், ஆய்வகக் கரு மூன்றுக்கும் அங்கே இடமில்லை. ஆனால் ஸ்கேன் பார்த்து நாள் குறிப்பது, முட்டை வெளியேற ஊசி போடுவது, கருப்பையைக் கழுவுவது, பிறப்புறுப்பு உதட்டைத் தைப்பது ஆகியவற்றுக்குத் தடையில்லை. குனிகல் பக்கமோ புனே பக்கமோ குதிரையை வண்டியில் ஏற்றிப் போகும் முன் இவற்றையெல்லாம் முடித்துவிட்டால் ஒரே சேர்க்கையில் காரியம் ஆக நல்ல வாய்ப்பு உண்டு.

மார்வாரி, போலோ குதிரை, தாண்டல் போட்டிக்கான வார்ம்பிளட் ஆகியவற்றுக்கு விதிகள் வேறு. அந்தந்தச் சங்கத்திடம் எழுத்தில் கேட்டு, டி.என்.ஏ. பரிசோதனைக்கு முடி மாதிரி எப்போது தர வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்ட பிறகே பணத்தை இறக்குங்கள்.

முதல் பரிசோதனையில் என்னென்ன பார்க்க வேண்டும்?

பின்னால் நின்று பார்ப்பதிலிருந்து ஆரம்பம். பிறப்புறுப்பு உதடுகள் செங்குத்தாக, இறுக மூடி இருக்க வேண்டும். வயதான, மெலிந்த குதிரையில் ஆசனவாய் உள்ளே இழுத்து, உதடு சாய்ந்து படுத்துவிடும். அப்போது சாணமும் காற்றும் உள்ளே போகும். குதிரை நடக்கும்போது காற்று இழுக்கும் சத்தம் கேட்டால் அதுவே அடையாளம். இதற்கு உதட்டின் மேல்பகுதியை மரத்துப்போகச் செய்து, ஓரத்தை மெல்லிதாகச் சீவித் தைப்பார்கள். அரை மணி நேர வேலைதான். பல குதிரைகளுக்கு வேறு எதுவுமே தேவைப்படாது.

அடுத்தது ஸ்கேன். இரண்டு சினைப்பைகளின் அளவு, ஃபாலிக்கிள் எனப்படும் முட்டை வளரும் நீர்ப்பையின் விட்டம், கருப்பைக்குள் நீர் தேங்கியிருக்கிறதா, சுவரில் கட்டிகள் உண்டா என்று பார்க்க வேண்டும். கட்டிகளின் இடத்தையும் அளவையும் படத்தோடு குறித்து வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் 14ஆம் நாள் ஸ்கேனில் கட்டியைக் கரு என்று எண்ணி ஏமாற நேரும்.

மூன்றாவது, கருப்பையிலிருந்து மாதிரி. இரட்டை உறை போட்ட பஞ்சுக்குச்சியில் கிருமி வளர்ப்புக்கு ஒன்று, சிறு தூரிகையில் செல் பரிசோதனைக்கு ஒன்று என இரண்டும் எடுக்க வேண்டும். கிருமி மட்டும் வந்து அழற்சிச் செல்கள் இல்லையென்றால் மாதிரி எடுக்கும்போது வெளியிலிருந்து கிருமி ஒட்டியிருக்கலாம். 400 மடங்கு பெருக்கத்தில் ஒரு பார்வைக்கு இரண்டுக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு தெரிந்தால் அழற்சி உறுதி. பருவத்தின் தொடக்கத்தில் கருப்பை வாய் திறந்திருக்கும்போது எடுப்பதே பாதுகாப்பு.

நான்காவது, கருப்பைச் சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி. 12 வயதைத் தாண்டிய குதிரைக்கும், இரண்டு பருவ ஆண்டுகள் வீணான குதிரைக்கும் இதைத் தவிர்க்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கென்னி, டோய்க் முறையில் தரம் சொல்வார்கள். முதல் தரமென்றால் குட்டி ஈனும் வாய்ப்பு 80 சதவீதத்துக்கு மேல். இரண்டு ஏ என்றால் 50 முதல் 80. இரண்டு பி என்றால் 10 முதல் 50. மூன்றாம் தரமென்றால் 10க்கும் கீழே. கருமாற்றத்துக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவை இந்த ஒரு தாள்தான் பெரும்பாலும் சொல்லும்.

மாட்டுக்குப் போடும் கருப்பை மருந்தையே குதிரைக்கும் விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். குதிரையின் கருப்பைச் சுவர் மிக எளிதில் புண்ணாகும். கெட்டியான அயோடின் கரைசலை விட்டால் சுவர் வெந்து ஒட்டிக்கொள்ளும், கருப்பை வாயில் தழும்பு விழும். அதன் பிறகு எந்த மருத்துவமும் அதைச் சரிசெய்யாது. போவிடோன் அயோடின் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் 0.1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, வெளிறிய தேநீர் நிறம் போதும். என்ரோஃப்ளாக்சசின் ஊசி மருந்தைக் கருப்பைக்குள் விடுவதும் அதே கேட்டைச் செய்யும். ஜென்டாமைசின் அமிலத்தன்மை கொண்டது, அதனால் சம அளவு 7.5 சதவீத சோடியம் பைகார்பனேட் கலந்து, பிறகு சலைனில் நீர்த்துத்தான் விட வேண்டும்.

கிருமியின் பெயர் தெரியாமல் மாற்றி மாற்றி ஆன்டிபயாட்டிக் விட்டால் கடைசியில் பூஞ்சை குடியேறும். அதை விரட்டுவது பாக்டீரியாவை விரட்டுவதைவிடக் கடினம்.

சேர்த்த மறுநாள் ஸ்கேனில் கருப்பைக்குள் நீர் தெரிகிறது. ஏன்?

விந்து உள்ளே போனதும் எல்லாக் குதிரைக்கும் கருப்பையில் அழற்சி வரும். அது இயல்பு. செத்த விந்தணுவையும் அழுக்கையும் வெளியேற்றும் வேலை அது. நல்ல குதிரையில் ஒன்றரை நாளுக்குள் அடங்கிவிடும். வயதான குதிரையிலும், பல குட்டி ஈன்று கருப்பை வயிற்றுக்குள் தொங்கிப்போன குதிரையிலும் சுருங்கித் தள்ளும் வலு இருக்காது. நீர் தங்கும், அதில் கிருமி வளரும். கரு கருக்குழாயிலிருந்து கருப்பைக்கு இறங்குவது ஆறாம் நாள் வாக்கில். அது இறங்கும்போது உள்ளே சீழ் இருந்தால் பிழைக்காது. சினை நிற்காத வயதான குதிரைகளில் மிக அதிகம் காணப்படுவது இந்தக் கோளாறுதான். இதைச் சரியாகக் கவனித்தால் ஆய்வகம் வரை போகாமலே குட்டி கிடைத்துவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

சேர்ப்பதற்கு முன்பே ஸ்கேன் பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் நீர் இருந்தால் அந்தக் குதிரை இந்த வகை என்று வைத்துக்கொண்டு, சேர்ப்பதற்கு முன் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் விட்டு அலசி முழுவதும் வடித்துவிட வேண்டும். சேர்த்த பிறகு நான்கு மணி நேரம் கையை வைக்கக் கூடாது. வேண்டிய விந்தணுக்கள் கருக்குழாய்க்குப் போய்ச் சேர அவ்வளவு நேரம் போதும், அதற்கு முன் அலசினால் அவற்றையும் சேர்த்து வெளியேற்றிவிடுவோம். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள், உடல் சூட்டில் உள்ள ரிங்கர் லாக்டேட்டை ஒரு தடவைக்கு ஒரு லிட்டராக விட்டு, வெளியே வரும் நீர் தெளியும்வரை அலச வேண்டும். பெரும்பாலும் மூன்று லிட்டர் ஆகும். குழாய்த் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் இதற்கு ஆகாது. வந்த நீரின் அளவை வாளியில் அளந்து பாருங்கள், குறைந்தால் மீதி உள்ளேயே நிற்கிறது.

அலசி முடித்ததும், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் 10 முதல் 20 யூனிட். இது ரத்தத்தில் சில நிமிடங்களே நிற்கும், எனவே ஒரே தடவையில் அதிகமாகப் போடுவதில் பயனில்லை. நான்கைந்து மணிக்கு ஒரு தடவை சிறிது சிறிதாகப் போட வேண்டும். ஊசி போட்டதும் குதிரையைக் கையில் பிடித்து நடத்துங்கள். லாயத்தில் அடைத்து வைத்த குதிரையில் நீர் இறங்காது, நடை ஒரு மருந்து. கருப்பை வாய் இறுகித் திறக்காத குதிரைக்கு, குறிப்பாக முதுமையில் முதல் தடவையாகச் சேர்க்கும் குதிரைக்கு, ஆக்சிடோசின் மட்டும் போட்டால் நீர் வெளியேற வழி இருக்காது. விரலால் கருப்பை வாயை மெதுவாக விரித்துவிட வேண்டும்.

முட்டை வெளியேறி இரண்டு நாள் ஆன பிறகும் நீர் தெரிந்தால் டாக்டர் மறுபடி அலசலாம். கரு இன்னும் கருக்குழாயில்தான் இருக்கும் என்பதால் மூன்றாம் நாள்வரை பயமில்லை.

எந்த நாளில் சேர்ப்பது என்று எப்படித் தெரியும்?

சுழற்சி 21 முதல் 22 நாள். அதில் ஐந்து முதல் ஏழு நாள் பருவம். முட்டை வெளியேறுவது பருவம் முடிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு. வால் தூக்குவதையும் சிறுநீர் தெளிப்பதையும் மட்டும் பார்த்து நாள் குறித்தால் குறி தப்பும். ஸ்கேனில் ஃபாலிக்கிள் தினமும் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வளரும். 35 மி.மீ. தாண்டி, கருப்பையின் குறுக்குவெட்டு நறுக்கிய சாத்துக்குடிபோல மடிப்பு மடிப்பாகத் தெரியும் நேரத்தில் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊசியை 1500 முதல் 2500 யூனிட் நரம்பில் போட்டால் சுமார் 36 மணி நேரத்தில், பெரும்பாலும் 48 மணிக்குள், முட்டை வெளியேறும். மடிப்பு இல்லாதபோது போட்ட ஊசி வீண். ஒரே பருவ ஆண்டில் பலமுறை போட்டால் சில குதிரைகளில் எதிர்ப்பொருள் உண்டாகி வேலை செய்யாமல் போகும். அப்போது அதே வேலையைச் செய்யும் டெஸ்லோரெலின் என்ற ஊசிக்கு மாற வேண்டும்.

குதிரையைச் சீக்கிரம் பருவத்துக்குக் கொண்டுவர புரோஸ்டாகிளாண்டின் ஊசி உண்டு. குளோப்ரோஸ்டினால் என்றால் 250 மைக்ரோகிராம். முட்டை வெளியேறி ஐந்து நாளாவது ஆகியிருக்க வேண்டும், அதற்கு முன் போட்டால் பெரும்பாலும் பலிக்காது. போட்டதும் வியர்த்து, வயிறு வலித்துச் சற்றுத் தவிக்கும், அரை மணியில் அடங்கும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த மருந்தைத் தொடவே கூடாது. தோலில் பட்டாலும் உள்ளே போய்விடும்.

பெங்களூரில் குளிர்காலத்தில் குதிரை பருவத்துக்கு வருமா?

வட நாட்டைவிட இங்கே நிலைமை சாதகம். பெண் குதிரையின் பருவத்தைப் பகல் வெளிச்சத்தின் நீளம் தீர்மானிக்கிறது. பெங்களூரில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரந்தான். அதனால் சில குதிரைகள் டிசம்பரிலும் சுழற்சியில் இருக்கும். பிப்ரவரியிலேயே உறுதியாகச் சேர்க்க வேண்டுமென்றால் டிசம்பர் தொடக்கத்திலிருந்து லாயத்தில் மாலையில் விளக்குப் போட்டு மொத்தம் 16 மணி நேர வெளிச்சம் கொடுங்கள். பலன் தெரிய இரண்டு மாதம் ஆகும். இரவு முழுக்க எரியவிட்டால் நல்லதென்று நினைக்க வேண்டாம், இருட்டும் வேண்டும்.

சினை ஊசியில் புதிய விந்து, குளிர்வித்த விந்து, உறைவிந்து: பிரச்சினை உள்ள குதிரைக்கு எது நல்லது?

கிடைக்குமானால் புதியதே. அடுத்தது குளிர்வித்தது. கருப்பையில் நீர் தங்கும் குதிரைக்கு உறைவிந்து கடைசித் தேர்வாக இருக்கட்டும். அதில் இயல்பான விந்து நீர் நீக்கப்பட்டிருக்கும், செத்த அணுக்களும் அதிகம், ஆகவே அழற்சி கூடுதலாக வரும்.

புதிய விந்துக்கு முன்னோக்கி நீந்தும் அணுக்கள் 50 கோடி என்பது வழக்கமான அளவு. குளிர்வித்து அனுப்பும்போது 24 மணி நேரத்தில் பாதி போய்விடும் என்று கணக்கிட்டு 100 கோடி வைப்பார்கள். பால்பொடி, குளுக்கோஸ் கலந்த நீர்மத்தில் நீர்த்து, காற்றில்லாமல் அடைத்து, மெதுவாக ஐந்து டிகிரிக்கு இறக்க வேண்டும். ஐஸ்கட்டியில் நேராக வைத்தால் அணுக்களின் சவ்வு கிழியும். புனேயிலிருந்து விமானத்தில் வரும் பெட்டி தேவனஹள்ளியில் இறங்கிக் கனகபுரா சாலைக்கு வர நெரிசலில் மூன்று மணி ஆனாலும் கவலையில்லை, வழியில் திறக்காமல் இருந்தால் போதும். வந்ததும் ஒரு துளியை 37 டிகிரிக்குச் சூடாக்கி நுண்நோக்கியில் பார்க்கலாம். மீதியைச் சூடாக்கத் தேவையில்லை, அப்படியே உள்ளே விடலாம்.

உறைவிந்தில் நேரந்தான் எல்லாம். உருகிய அணு கருப்பைக்குள் 12 மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது. முட்டை வெளியேறுவதற்கு முந்தைய 12 மணிக்குள், அல்லது வெளியேறிய பின் ஆறு மணிக்குள் விட வேண்டும். அதற்கு ஆறு மணிக்கு ஒருமுறை ஸ்கேன், நள்ளிரவிலும். அது முடியாவிட்டால் ஹெச்.சி.ஜி. போட்ட 24ஆம் மணியில் பாதியும் 40ஆம் மணியில் பாதியும் விடும் வழி உண்டு. உறைவிந்து அடைத்த அரை மி.லி. குச்சியை 37 டிகிரி நீரில் 30 வினாடி உருக்கி, நன்றாகத் துடைத்துவிட்டு வெட்டுங்கள். ஒரு துளி தண்ணீர் கலந்தாலும் அணுக்கள் செத்துவிடும். சில பண்ணைகள் ஒரு வேளைக்கு எட்டுக் குச்சி என்று கொடுக்கும், சில நான்கு. குச்சிக்கு எத்தனை அணு, உருக்கிய பின் எத்தனை சதவீதம் நீந்துகிறது என்று கேட்டு வாங்குங்கள். 30 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வேண்டாம்.

உறைவிந்து இருக்கும் திரவ நைட்ரஜன் கலனைக் காரில் கொண்டுபோகும்போது கண்ணாடியை இறக்கி வையுங்கள். மூடிய வண்டியில் ஆவி நிறைந்தால் மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டு.

ஒன்று கவனிக்கத்தக்கது. மாட்டுக்குச் சினை ஊசி போடுபவர் ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் கருப்பை வாயைப் பிடித்து, விந்தைச் செலுத்தும் துப்பாக்கி எனப்படும் கருவியை உள்ளே விடுவார். குதிரையின் கருப்பை வாய் மென்மையானது, யோனி வழியாக விரலாலேயே வழிகாட்டிக் குழாயைச் செலுத்த வேண்டும். மாட்டில் கைதேர்ந்தவர் குதிரையிலும் தேர்ந்தவர் என்று எண்ணிவிட வேண்டாம்.

கருமாற்றம் எந்தக் குதிரைக்குப் பொருந்தும்?

முட்டையும் கருக்குழாயும் நன்றாக இருந்து, கருவைச் சுமக்க மட்டும் முடியாத குதிரைக்கு. பயாப்சியில் மூன்றாம் தரம், கிழிந்த கருப்பை வாய், இடுப்பெலும்பு முறிந்து பிரசவம் ஆபத்தாகும் குதிரை, ஐந்தாறு மாதத்தில் கருக்கலையும் குதிரை. போட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் குதிரைக்கும் செய்யலாம். போலோவுக்காக அர்ஜென்டினாவில் இது அன்றாட வேலை. நம் நாட்டில் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்தில் 2023 மே மாதம் கருமாற்றத்தில் ராஜ்-பிரதம் என்ற மார்வாரிக் குட்டி பிறந்தது. அதே ஆண்டு உறைகருவிலிருந்து ராஜ்-ஹிமானி பிறந்தது.

கருவை எடுப்பது எப்படி நடக்கும்?

முட்டை வெளியேறிய நாளைப் பூஜ்யமாக எண்ணி ஏழாம் நாள் அல்லது எட்டாம் நாள். வயதான குதிரையின் கரு மெதுவாக வளர்ந்து தாமதமாக இறங்கும், அதற்கு எட்டாம் நாளே நல்லது. உறைய வைக்க வேண்டுமென்றால் ஆறரை நாளில் எடுக்க வேண்டும், ஏனென்றால் 300 மைக்ரானுக்கு மேல் வளர்ந்த கரு அப்படியே உறைந்தால் பிழைப்பது கடினம். சேர்த்த நாளிலிருந்து எண்ணுவது இதில் நடக்கும் பொதுவான தவறு.

வாலைக் கட்டி, பின்புறத்தை மூன்றுமுறை கழுவித் துடைத்து, கருப்பை வாய் வழியாகச் சிலிகான் குழாயைச் செலுத்தி, அதன் பலூனை 60 முதல் 80 மி.லி. காற்றால் ஊதிப் பின்னுக்கு இழுத்துக் கருப்பை வாயை அடைப்பார்கள். வெதுவெதுப்பான கரைசல் ஒரு லிட்டர் உள்ளே போகும். ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் கருப்பையை மெதுவாகப் பிசைந்து, 75 மைக்ரான் வடிகட்டி வழியாக வடிப்பார்கள். இப்படி மூன்று நான்கு தடவை. வடிகட்டிக் கிண்ணம் ஒருபோதும் வறண்டுவிடக் கூடாது, கரு வலையில் ஒட்டிச் சாகும். கரைசல் கலங்கலாக வந்தால் அழற்சி இருக்கிறது, அதை வளர்ப்புக்கு அனுப்புங்கள்.

கிண்ணத்து நீரைத் தட்டில் ஊற்றி நுண்நோக்கியில் தேடுவார்கள். ஏழாம் நாள் கரு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்டெடுத்ததைச் சுத்தமான துளிகளில் பத்துமுறை கழுவித் தரம் பார்த்து, அரை மி.லி. குச்சியில் ஏற்றி வாடகைத் தாய்க் குதிரைக்குள் வைப்பார்கள். முடித்தவுடன் கருவைக் கொடுத்த குதிரைக்குப் புரோஸ்டாகிளாண்டின் போட வேண்டும். தேடலில் தப்பிய கரு உள்ளேயே வளர்ந்துவிடாமலிருக்க அது அவசியம்.

கழுவியும் கரு வரவில்லை. என்ன காரணம்?

குதிரையில் ஒரு விசேஷம் உண்டு. கருவுறாத முட்டை கருக்குழாயிலேயே தங்கிவிடும். கருவுற்றது மட்டுமே வேதிச் சைகை அனுப்பி வழியைத் திறந்துகொண்டு கருப்பைக்கு இறங்கும். ஆகவே வெறும் கையோடு வந்தால் கருவுறவே இல்லை, அல்லது வழி அடைத்திருக்கிறது, அல்லது கரைசல் முழுதாகத் திரும்பி வரவில்லை. இளம், ஆரோக்கியக் குதிரையில் இரண்டு தடவை கழுவினால் ஒருமுறையாவது கரு கிடைப்பதே எதிர்பார்ப்பு. வயதான குதிரையில் நான்கைந்துக்கு ஒன்று என்றாலும் வியப்பில்லை. நல்ல விந்து, சரியான நாள், சுத்தமான கருப்பை எல்லாம் இருந்து மூன்று தடவை கழுவியும் வரவில்லையென்றால் கருக்குழாயைச் சந்தேகியுங்கள். லேப்ராஸ்கோப் வழியாகக் குழாயின் மேல் புரோஸ்டாகிளாண்டின் ஈ-2 களிம்பு தடவும் சிகிச்சையில் அடைப்பு நீங்கிச் சினையான குதிரைகள் உண்டு.

வாடகைத் தாய்க் குதிரையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

செலவும் வெற்றியும் இங்கேதான். நான்கு முதல் பத்து வயது, கருவைக் கொடுக்கும் குதிரையின் உயரத்துக்குக் குறையாத உடல், சீரான சுழற்சி, சுத்தமான கருப்பை, சாதுவான குணம். குட்டியின் பிறப்பு எடையைச் சுமக்கும் வயிறும் தீர்மானிக்கும் என்பதால் சிறிய மட்டக்குதிரை வேண்டாம். அதன் முட்டை, கருவைக் கொடுத்த குதிரைக்கு ஒரு நாள் முன்பிருந்து மூன்று நாள் பின்பு வரை வெளியேறியிருக்கலாம். ஒரே குதிரையை நம்பினால் நாள் பொருந்தாமல் போகும், இரண்டாவது தேவை. வாங்கும் முன் கிளாண்டர்ஸ், குதிரைத் தொற்று ரத்தசோகை இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் மனிதரையும் தாக்கும்.

அந்தக் குதிரைக்கும் தீனி, மருத்துவம், பாலூட்டும் காலம் முடியும்வரை நல்ல இடம் கொடுக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். குட்டியைப் பெற்றதும் விற்றுவிடலாம் என்ற எண்ணத்தோடு வாங்குவது நியாயமில்லை.

வயதான குதிரை, கழுவினால் கரு வரவில்லை. இக்சி செய்யலாமா?

அதற்காகவே வந்த முறை. சினைப்பையிலிருந்து முட்டையை ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஆய்வகத்தில் ஒரே ஒரு விந்தணுவை அதற்குள் செலுத்தி, ஏழு முதல் பத்து நாள் வளர்த்து, வாடகைத் தாய்க்குள் வைப்பார்கள். சாதாரணச் சோதனைக்குழாய்க் கருவூட்டல் குதிரையில் நெடுங்காலம் கைகூடவில்லை. 1990இல் பிரான்சில் அப்படி ஒரு குட்டி பிறந்தும் முறை நிலைபெறவில்லை. விந்தணுவை நீண்ட நேரம் பக்குவப்படுத்தி அது கைகூடியதாக அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2022இல் அறிவித்தார்கள். நடைமுறையில் இன்றும் இக்சிதான்.

மயக்கமருந்து கொடுத்து நிற்க வைத்தே, யோனி வழி ஸ்கேன் கருவியோடு நீண்ட ஊசியைச் செலுத்துவார்கள். குதிரையின் முட்டை ஃபாலிக்கிள் சுவரில் கெட்டியாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றையும் ஏழெட்டுத் தடவை நீர் பாய்ச்சிச் சுரண்டினால்தான் வரும். அப்படியும் பாதிதான் கிடைக்கும். எடுத்த முட்டையில் மூன்றில் இரண்டு பக்குவப்படும், ஊசி போட்டதில் ஐந்தில் ஒன்று கருவாக வளர்ந்தால் நல்ல ஆய்வகம். ஸ்கேனில் சிறு ஃபாலிக்கிள்கள் பத்துக்குக் குறைவாகத் தெரியும் குதிரையில் கணக்கு சரிந்துவிடும். முதுமையில் முட்டையின் தரமும் குறைவதால், ஆசையை அளவோடு வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

முட்டையை 20 டிகிரி வாக்கில் ஓர் இரவு பயணத்தில் வைக்க முடியும் என்பதால் எடுக்கும் இடமும் ஆய்வகமும் வேறு ஊர்களாக இருக்கலாம். ஒப்பந்தம் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதுவரை எத்தனை முட்டைக்கு எத்தனை உயிருள்ள குட்டி? கருவின் எண்ணிக்கையைச் சொல்லி நழுவினால் வேண்டாம். ரத்தக்கசிவு, வயிற்றுறை அழற்சி ஆகியவை அரிது என்றாலும் வரும். இரண்டு நாள் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள்.

குதிரை இறந்துவிட்டால் அதன் முட்டையைக் காப்பாற்ற முடியுமா?

சில மணி நேரத்துக்குள் சினைப்பைகளை எடுத்துச் சலைனில் அலசி, அறை வெப்பத்தில் காப்புப் பெட்டியில் அனுப்பினால் வாய்ப்பு உண்டு. ஐஸ் மேல் வைக்கக் கூடாது. ஆய்வகத்தோடு முன்கூட்டியே பேசி வைத்திருந்தால்தான் இது நடக்கும்.

ஒரு சினைப்பை மட்டும் பெரிதாக, மற்றது சுருங்கி இருக்கிறது. குதிரை ஆண் குதிரைபோல நடந்துகொள்கிறது.

கிரானுலோசா செல் கட்டி என்ற சினைப்பைக் கட்டியாக இருக்கலாம். ரத்தத்தில் ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோனின் அளவு பாருங்கள். கட்டியை அறுவை செய்து எடுத்தால் மற்ற சினைப்பை சில மாதங்களில் விழித்துக்கொள்ளும். இரண்டுமே மிகச் சிறியதாக இருந்து ஒருபோதும் சீராகப் பருவத்துக்கு வராத இளங்குதிரைக்குக் குரோமோசோம் பரிசோதனை செய்யுங்கள். 64க்குப் பதில் 63 என்று வந்தால் எந்த ஊசியும் உதவாது.

சினை நின்றுவிட்டது. இனி எப்போது பார்க்க வேண்டும்?

14ஆம் நாள் முதல் ஸ்கேன். இரட்டைக் கரு இருந்தால் 16ஆம் நாளுக்குள், அவை கருப்பையில் ஓரிடத்தில் நிலைகொள்ளும் முன், ஒன்றை நசுக்கிவிட வேண்டும். குதிரையில் இரட்டை பெரும்பாலும் இரண்டும் இழப்பிலேயே முடியும், தாய்க்கும் ஆபத்து. அடுத்து 28ஆம் நாள், இதயத்துடிப்புக்காக. 35ஆம் நாளுக்கு முன் மீண்டும் ஒருமுறை பாருங்கள். அதன் பிறகு கருப்பையில் சிறு கிண்ணங்கள் உருவாகி ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அப்போது கரு கலைந்தாலும் மூன்று மாதம் போல் குதிரை சரியாகப் பருவத்துக்கு வராது, அந்த ஆண்டு போச்சு.

சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் குறையும் குதிரைக்கும் வாடகைத் தாய்க்கும், அதேபோல் வேலை செய்யும் ஆல்ட்ரெனோஜெஸ்ட் மருந்தை வாய்வழி கொடுப்பார்கள். கிலோவுக்கு 0.044 மி.கி., அதாவது மி.லி.க்கு 2.2 மி.கி. உள்ள எண்ணெய் மருந்தில் 400 கிலோ மார்வாரிக்குத் தினம் எட்டு மி.லி. கையுறை இல்லாமல் பெண்கள் இதைத் தொடக் கூடாது, மாதவிலக்குச் சுழற்சியைக் குலைக்கும். கொடுக்கத் தொடங்கிவிட்டால் கரு உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி ஸ்கேன் பாருங்கள், மருந்து இருக்கும்வரை இறந்த கருவோடும் குதிரை பருவத்துக்கு வராமல் நிற்கும்.

ஏழாம் மாதத்துக்குப் பிறகு மடி முன்கூட்டியே பெருத்தாலோ பிறப்புறுப்பிலிருந்து நீர் கசிந்தாலோ நஞ்சுக்கொடி அழற்சி. அன்றே டாக்டரை அழைக்க வேண்டும். உதடு தைத்த குதிரைக்கு, சினைக்காலம் சுமார் 340 நாள் என்று கணக்கிட்டு, ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பே தையலைத் திறந்துவிட வேண்டும். நாள்காட்டியில் இதைக் குறித்து, லாயத்தில் இரவு காவலிருப்பவருக்கும் சொல்லி வையுங்கள். திறக்க மறந்தால் குட்டி வரும்போது தசை ஆசனவாய்வரை கிழியும், அடுத்த ஆண்டுக்கான பிரச்சினை அங்கேயே தொடங்கிவிடும்.